ரத்தம் மிகும் நோய்: மாத்திரையும் அன்றாடமும் – கேள்வி பதில்

எலும்பு மஜ்ஜை தேவைக்கு மேல் சிவப்பணுக்களை உருவாக்கிக்கொண்டே இருக்கும் நாள்பட்ட நோய்க்குப் பாலிசைதீமியா வெரா என்று பெயர். நோயாளிகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினரிடம் காணப்படும் ஜாக்2 மரபணு மாற்றம் 2005இல் கண்டறியப்பட்டது. இந்நோயுடன் வாழ்ந்துவரும், தண்டையார்பேட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் வடசென்னை வாசகர்களுக்கு விடையளிக்கிறார்.

அம்மா, என் கணவருக்கு இந்நோய்க்கான சிகிச்சையாகச் சில முறை ரத்தம் எடுத்த பிறகு உடம்பு அசந்துபோகிறது. இரும்புச்சத்து குறைவு என்று அறிக்கை சொல்கிறது. இரும்பு டானிக் கொடுக்கலாமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். இரும்பு இல்லாமல் மஜ்ஜையால் சிவப்பணுக்களைப் பெருக்க முடியாது என்பதால், ரத்தம் எடுக்கும் சிகிச்சை பலன் தருவதே ஓரளவுக்கு இந்த இரும்புக் குறைவால்தான். டானிக் கொடுத்தால் எடுத்த ரத்தமெல்லாம் சில வாரங்களில் திரும்ப ஊறி, மறுபடியும் ஊசிக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும். முருங்கைக்கீரையை வழக்கமான அளவில் சமைத்துக் கொடுப்பதில் தவறில்லை. அறிக்கையில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் ஹீமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு; அது 45 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 2013இல் வெளியான இத்தாலிய ஆய்வில், 45க்குக் கீழே வைக்கப்பட்டவர்களைவிட 45 முதல் 50 வரை விடப்பட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தநாளப் பாதிப்பால் வரும் மரணமும் பெரிய ரத்த உறைவும் ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தன. அசதி தாங்க முடியாத அளவுக்குப் போனால், ரத்தம் எடுப்பதைக் குறைத்து மாத்திரைக்கு மாறலாமா என்று கேளுங்கள்.

குளித்து முடித்ததும் உடம்பெல்லாம் ஊசி குத்துவதுபோல் அரிக்கிறது. சோப்பை மாற்றியும் பயனில்லை, அக்கா. (காசிமேடு)

குற்றம் சோப்பில் இல்லை. இந்நோயில் தண்ணீர் பட்டாலே தோல் அப்படித்தான் நடந்துகொள்ளும். வெந்நீரைத் தவிர்த்து, வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அரிப்புக்கென்றே மருந்துகள் உண்டு. சிறிய தொல்லை என்று பலர் இதைச் சொல்வதே இல்லை.

மீன் அங்காடியில் நாள் முழுவதும் நின்று வியாபாரம் செய்கிறேன். அணுக்களைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பின் நகம் கறுத்துவிட்டது. இப்போது கணுக்காலில் ஒரு புண். மஞ்சள் வைத்தும் ஆறவில்லை. மாத்திரையை நிறுத்திவிடலாமா, அம்மா? (ராயபுரம்)

நகமும் தோலும் கறுப்பது இம்மாத்திரையின் அறியப்பட்ட விளைவு, அதனால் ஆபத்தில்லை. கணுக்கால் புண்ணை மட்டும் அப்படி விட்டுவிடாதீர்கள். இம்மருந்தால் வரும் புண் பெரும்பாலும் கணுக்கால் எலும்பை ஒட்டியே வரும், கடுமையாக வலிக்கும், மருந்து தொடரும்வரை ஆறாமலும் இருக்கலாம். ஆனால் நீங்களாகவே நிறுத்தினால் அணுக்களின் எண்ணிக்கை உயர்ந்து ரத்தம் உறையும் ஆபத்து வரும். ஆகவே அடுத்த மாதத் தேதிக்குக் காத்திராமல் இந்த வாரமே போய்க் காலைக் காட்டுங்கள்; ருக்சோலிடினிப், இன்டர்ஃபெரான் என மாற்று மருந்துகள் உள்ளன. மஞ்சளும் பற்பசையும் வேண்டாம். நின்றே செய்யும் தொழில் என்பதால் இடையிடையே உட்கார்ந்து காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். மீன் கழுவிய நீரும், மழைக்காலத்தில் நம் தெருக்களில் தேங்கும் சாக்கடை கலந்த நீரும் புண்ணில் படாதபடி கட்டுக்கு மேல் ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். மெனக்கெட்டுப் பூட்ஸ் வாங்குவதா என்று நினைப்பீர்கள். ஆறாத புண்ணுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. வாய்ப்புண் வந்தால் அதையும் சொல்லுங்கள். வெயிலில் போகும்போது உடலை மூடிக்கொள்ளுங்கள், ஏனெனில் நெடுநாள் உட்கொள்பவர்களுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது.

தாத்தாவால் விழுங்க முடியவில்லை. ஹைட்ராக்ஸியூரியா கேப்ஸ்யூலைப் பிரித்துக் கஞ்சியில் கலக்கலாமா? (வியாசர்பாடி)

கூடாது. அந்தத் தூள் மற்றவர்களின் தோலிலும் மூச்சிலும் படக் கூடாதது. வேறு வழியை மருத்துவரிடம் கேளுங்கள்.

கால் பெருவிரல் வீங்கி வலிக்கிறது. மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக்கொள்ளவா? தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. எடுக்கிறேன். (எண்ணூர்)

அணுக்கள் மிகுதியாக உருவாகி அழிவதால் யூரிக் அமிலம் கூடும். உங்களுக்கு வந்திருப்பது கீல்வாதமாக இருக்கலாம், சோதித்துப் பாருங்கள். ஆஸ்பிரினோடு இபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினின் பலனையும் இபுப்ரூஃபென் குறைக்கும். கடைக்காரரிடம் உங்கள் நோயைச் சொல்லாமல் எதையும் வாங்காதீர்கள் என்று, கடைப் பக்கமே வாழ்நாளைக் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் உலைக்கருகே வேலை செய்பவராக இருந்தால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். உடல் வறண்டால் ரத்தம் மேலும் கெட்டியாகும். புகைபிடித்தால் விடுங்கள்.

என் மகனுக்கு 28 வயது, அடுத்த தை மாதம் திருமணம். அவனும் ஹைட்ராக்ஸியூரியா சாப்பிடுகிறான். (பெரம்பூர்)

ஆணோ பெண்ணோ, இம்மருந்தில் இருக்கும்போது கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். விந்தணு எண்ணிக்கையும் குறையலாம். திருமணத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, விந்தணுவைச் சேமிப்பது பற்றியும் இன்டர்ஃபெரானுக்கு மாறுவது பற்றியும் பேசட்டும். பெண் வீட்டாரிடம் மறைக்காதீர்கள்.

எங்கள் தெருவில் டெங்கு பரவுகிறது. காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா? (திருவொற்றியூர்)

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலே, மாத்திரையால் வெள்ளையணு குறைந்திருக்கக்கூடும் என்பதால், அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இரவானால் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் போதும். டெங்குவில் ரத்தக்கசிவு வரக்கூடும் என்பதால் ஆஸ்பிரினைத் தொடர்வதா என்று அன்றே கேளுங்கள். பப்பாளி இலைச்சாற்றை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்குவில் ரத்தநாளத்திலிருந்து நீர் கசிவதை ஹீமடோக்ரிட் உயர்வதை வைத்தே கணிக்கிறார்கள். உங்களுக்கோ அந்த எண் இயல்பிலேயே உயர்ந்திருக்கலாம், அல்லது சிகிச்சையால் தாழ்ந்திருந்து கசிவை மறைக்கலாம். அதனால் பணியிலிருக்கும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக நோயின் பெயரைச் சொல்லி, காய்ச்சலுக்கு முன் எடுத்த கடைசி அறிக்கையையும் மாத்திரைச் சீட்டையும் கையில் கொடுங்கள்.