கணவருக்கு மரு, எனக்கும் தொற்றியிருக்குமா?

கேள்வி: திருமணமாகி ஐந்து மாதம் ஆகிறது. கணவரின் ஆணுறுப்பில் சின்னச் சின்ன மருக்கள் வந்தன. கிளினிக்கில் பார்த்து, பாலுறவில் தொற்றும் மரு என்று சொல்லிப் பூச மருந்து கொடுத்தார்கள். திருமணத்துக்கு முன் அவருக்கு ஓர் உறவு இருந்தது எனக்குத் தெரியும். இப்போது யாரும் இல்லை என்கிறார். கண்ணாடி வைத்துப் பார்த்தால் என் பிறப்புறுப்பின் வாசலிலும் பொடிப்பொடியாக ஏதோ தெரிகிறது. எனக்கும் வந்துவிட்டதா? புற்றுநோயாகுமா? 2010-ல் முதலாம் படிவத்தில் பள்ளியில் எச்.பி.வி. ஊசி போட்டுக்கொண்டேன். மாமியார் வீட்டில் எல்லாருக்கும் ஒரே குளியலறை. குழந்தைக்கும் முயன்று வருகிறோம்.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் அந்தப் பொடிப்பொடி விஷயம், ஏனென்றால் இந்த ஒன்றுக்காகவே பல பெண்கள் தூக்கம் கெட்டு என்னிடம் வருகிறார்கள். பெண்ணுறுப்பின் உள்ளிதழ்களில் இயல்பாகவே மெல்லிய, மிருதுவான முளைகள் சிலருக்கு உண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வரிசையாக இருக்கும். ஒவ்வொரு முளையும் தனித்தனி அடியிலிருந்து எழும்பும். நிறமும் சுற்றியுள்ள தோலின் நிறம்தான். அது நோயே இல்லை. மரு அப்படி ஒழுங்கு பார்த்து வராது. இங்கே ஒன்று, அங்கே மூன்று என்று கிடக்கும். தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கும். ஒரே அடியிலிருந்து பல முனைகள் பிரிந்து காலிஃபிளவர் போலத் தெரியும். நீங்கள் ‘இரு பக்கமும்’ என்று எழுதியிருந்தால் என் மனம் இன்னும் லேசாகியிருக்கும். எப்படியானாலும் கண்ணாடியை நம்பி முடிவு கட்டாதீர்கள், ஒரு டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை.

சரி, தொற்றியிருக்குமா? மருவை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோலோடு தோல் உரசினாலே போதும், சுலபமாகத் தாவும். ஆனால் வைரஸ் வருவது வேறு, மரு முளைப்பது வேறு. பிரிட்டனில் 1971-ல் வெளியான ஒரு பழைய ஆய்வில், மரு உள்ளவர்களோடு உறவு வைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு மரு வந்தது. மூன்று வாரத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் வந்தது. சராசரி மூன்று மாதம். மற்றவர்களுக்கு வரவில்லை. பெரும்பாலோரின் உடம்பு இந்த வைரஸை ஓரிரண்டு ஆண்டில் தானாகவே அடக்கிவிடும். ஆகவே இன்னும் சில மாதம் கவனித்துக்கொள்ளுங்கள், தினமும் கண்ணாடி வேண்டாம்.

நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத கேள்வி ஒன்று கடிதத்தில் தெரிகிறது. அவர் சொல்வது உண்மையா? மருவை வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. வைரஸ் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்து பிறகு முளைக்கும். பழைய உறவில் வந்தது திருமணத்துக்குப் பிறகு தலைகாட்டுவது நான் அடிக்கடி பார்ப்பதுதான். யாரிடமிருந்து யாருக்கு, எந்த மாதம் வந்தது என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை எந்த லேபிலும் கிடையாது. இருக்கிறது என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

புற்றுநோய் பயம் வேறு கணக்கு. எச்.பி.வி.யில் பல வகை உண்டு, எண் வைத்துப் பிரிப்பார்கள். பத்தில் ஒன்பது மருக்களுக்குக் காரணம் 6, 11 என்ற இரண்டு வகை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 16, 18 வகைகள் காரணம். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெரால்ட் சூர் ஹவுசன் முதலில் இந்த மருவில் இருந்த வைரஸைத்தான் பிரித்தெடுத்தார். அதைப் புற்றுநோய்த் திசுவில் தேடிப்பார்த்தால் கிடைக்கவில்லை. அப்புறம்தான் 16, 18 அகப்பட்டன. 2008-ல் நோபல் பரிசும் வந்தது. ஆகவே கணவரின் மரு உங்களுக்குப் புற்றுநோயாக மாறப்போவதில்லை. ஆனால் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கலாம் என்பதால் கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். மரு என்பதற்காக அடிக்கடி எடுக்க வேண்டியதில்லை, எல்லாரும் எடுக்கிற காலக்கணக்கு போதும். 30 வயதானதும் நீங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கிற எச்.பி.வி. பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வெட்கப்படுகிறவர்களுக்கு அது பெரிய வரம்.

மலேசியாவில் பள்ளி ஊசி தொடங்கியபோது போட்டுக்கொண்ட முதல் செட் நீங்கள். ஆனால் இந்த ஊசியில் பல வகை உண்டு. இரண்டு வகை வைரஸுக்கான ஊசி புற்றுநோயைத் தடுக்கும், மருவைத் தடுக்காது. நான்கு வகை, ஒன்பது வகை ஊசிகளில் 6, 11 இரண்டும் அடங்கும். அம்மா வீட்டில் பழைய அட்டையைத் தேடிப் பாருங்கள். அதில் மருவுக்கானது இல்லையென்றால் ஒன்பது வகை ஊசியைப் பற்றித் தனியார் கிளினிக்கில் பேசலாம். உள்ளே வந்துவிட்ட வைரஸை ஊசி விரட்டாது, வராத வகைகளைத் தடுக்கும். கர்ப்பமாக இருக்கும்போது போடுவதில்லை.

குளியலறையால் மாமியாருக்கு ஒன்றும் வராது. துவாலையைத் தனியாக வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், அவ்வளவுதான்.

கணவருடைய மருந்தை நீங்கள் எடுத்துப் பூசக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், குழந்தைக்கு முயல்கிறீர்கள். மருவுக்குப் பூசக் கொடுக்கும் போடோஃபைலோடாக்சின் என்ற மருந்து கர்ப்ப காலத்தில் ஆகவே ஆகாது. கர்ப்பமானபின் மரு வந்தால் திரவ நைட்ரஜனால் உறையவைப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. சுண்ணாம்பு, அம்மான் பச்சரிசிப் பால் எல்லாம் அந்த இடத்தில் வேண்டாம், வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோயிலில் உப்பும் மிளகும் போட்டால் உதிரும் என்பார்கள். போடுங்கள், கெடுதல் இல்லை. சிலருக்கு மரு தானாகவே மறைவதும் உண்டு.

அவருக்கு மரு முழுதாக மறையும்வரை உறவைத் தள்ளிவைப்பதே நல்லது. முடியாவிட்டால் ஆணுறை. அது மூடாத இடத்திலிருந்தும் தொற்றலாம் என்பதால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். மரு உள்ள இடத்தில் அவர் சவரம் செய்ய வேண்டாம், கத்தி படும் இடங்களுக்கும் பரவலாம். மறைந்தபின் முதல் மூன்று மாதத்தில் திரும்ப வருவது சகஜம். வந்தால் சந்தேகத்தைக் கிளப்பாதீர்கள், மருந்தைத் தொடருங்கள்.

இருவரும் சேர்ந்தே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிஃபிலிஸிலும் ஈரமான தட்டை முளைகள் வரும், பார்த்தால் மரு போலவே இருக்கும். பெண் டாக்டர் வேண்டுமென்றால் கவுன்டரிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிக் கேட்பதில் தப்பில்லை, நிறையப் பேர் கேட்கிறார்கள்.