கையடக்கப் படப் பிரிண்டருக்கு எந்த மை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சின்ன போட்டோ பிரிண்டர் பலவற்றில் திரவ மையே கிடையாது. சிலவற்றில் நிறம் பூசிய ரிப்பன், சிலவற்றில் தாளுக்குள்ளேயே நிறம், சிலவற்றில் பிலிம். கடைக்குப் போகுமுன் பிரிண்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரை மட்டும் சொன்னால் தவறான பெட்டிதான் கைக்கு வரும்.

தங்கையின் திருமண வரவேற்பில் விருந்தினர்களுக்கு அங்கேயே படம் அச்சிட்டுத் தர கேனன் செல்ஃபி சிபி1500 வாங்கியிருக்கிறேன். 150 படம் வேண்டும். கேபி-108ஐஎன் வாங்குவதா, ஆர்பி-108 வாங்குவதா? (செங்காங்)

இரண்டிலும் 108 அஞ்சலட்டை அளவுத் தாள்கள்தான். வித்தியாசம் கார்ட்ரிட்ஜில், அதாவது ரிப்பன் சுற்றிய கூட்டில். கேபி பெட்டியில் 36 படத்துக்கு ஒன்றாக மூன்று. ஆர்பி பெட்டியில் 54 படத்துக்கு ஒன்றாக இரண்டு. கூட்டம் வரிசையில் நிற்கும் இடத்தில் ரிப்பன் மாற்றும் வேலை குறைவாக இருப்பதே நல்லது, ஆர்பியை எடுங்கள். இரண்டு பெட்டி வாங்கினால் 216 படம். ஒரு 108 பெட்டியுடன் 36 தாள் கொண்ட கேபி-36ஐபி சேர்த்தால் 144தான். ஆறு படம் குறையும், வீணாகும் தாளுக்கும் இடமிருக்காது. ஒரு பெட்டியின் தாளை இன்னொரு வகைப் பெட்டியின் ரிப்பனோடு கலக்காதீர்கள்.

மையைவிட நேரக் கணக்குதான் உங்களை நெருக்கும். ஒரு படத்துக்கு ஏறக்குறைய 41 விநாடி. 150 படத்துக்கு இடைவிடாமல் ஓடினாலே ஒன்றே முக்கால் மணி நேரம் பக்கம் வரும். தட்டில் ஒரு தடவைக்கு 18 தாள்தான் வைக்கலாம். தொடர்ந்து ஓடிச் சூடேறினால் பிரிண்டர் தானே நின்று ஆறிக்கொள்ளும். ஆகவே முதல் விருந்தினர் வந்ததுமே தொடங்கிவிடுங்கள், குடும்பத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாள் பின்பக்கமாக வெளியே போய்த் திரும்பும். அங்கே சுவரோ பூச்சாடியோ இருக்கக்கூடாது. புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் நிகழ்ச்சி என்றால் மின்விசிறிக்கு நேராக மேசையைப் போடவே போடாதீர்கள். தாளில் உட்கார்ந்த தூசி ஒவ்வொன்றும் படத்தில் வெள்ளைப் புள்ளியாகிவிடும்.

அதே வகை பிரிண்டர். கேசி-36ஐபி வாங்கினேன், தாள் தட்டில் உட்காரவில்லை. பெட்டி பழுதா? (ஈசூன்)

பழுதில்லை. அது 54 x 86 மி.மீ. அட்டை அளவு. அதற்குப் பிசிசி-சிபி400 என்ற தனித் தட்டு வேண்டும். பிரிண்டரோடு வழக்கமாக வருவது அஞ்சலட்டைத் தட்டு மட்டுமே. கேஎல்-36ஐபி என்ற எல் அளவுத் தாளுக்கும் வேறு தட்டு இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். செல்ஃபி கியூஎக்ஸ்10 வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அதற்கு எக்ஸ்எஸ்-20எல் மட்டுமே, சிபி வரிசைப் பெட்டிகள் எதுவும் பொருந்தாது.

வெளிர் நிறப் படங்களாக அச்சிட்டால் கார்ட்ரிட்ஜ் கூடுதல் படங்களுக்கு வருமா? (பிடோக்)

வராது. ரிப்பனில் மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியில் நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு என்று ஒரு படத்துக்கு நான்கு பகுதிகள். வெறும் வெள்ளைச் சுவரை அச்சிட்டாலும் நான்கும் செலவாகிவிடும். இதில் ஒரு வசதியும் உண்டு. பெட்டி விலையைத் தாள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு படத்துக்கு எத்தனை காசு என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். பல வெள்ளி மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத ரிப்பனை வாங்குமுன் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். முகங்கள் பச்சையடித்தோ சிவந்தோ வந்து பத்துத் தாள் வீணானால் மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும்.

ரிப்பன் தீர்ந்துவிட்டது, தாள் மூன்று மிச்சம். இடையில் இரண்டு முறை தாள் சிக்கியது. (புக்கிட் பாத்தோக்)

இரண்டும் ஒரே கதைதான். தாள் சிக்கி அச்சு பாதியில் நின்றால் அந்தப் படத்துக்கான ரிப்பன் பகுதி போய்விட்டது, திரும்பாது. ரிப்பனைப் பின்னோக்கிச் சுற்றி மீட்க முயலாதீர்கள்.

சிக்குவதற்கு முதல் காரணம் ரிப்பன் தொய்வு. கார்ட்ரிட்ஜை ஒளிபடும்படி பிடித்துப் பாருங்கள். ரிப்பன் வயிறு தள்ளினாற்போல் தொங்கினால், ஓரத்தில் இருக்கும் பல்சக்கரத்தை அம்புக்குறி காட்டும் திசையில் மெல்லத் திருப்புங்கள். சுருக்கம் நீங்கி விறைத்ததும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் திருப்பினால் ரிப்பன் அறுந்துபோகலாம், இல்லாவிட்டால் படமும் குறையும்.

இரண்டாவது, தாள். பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும், விரல் ஓரத்தில் மட்டும் படட்டும். விரல் ரேகை பட்ட இடத்தில் நிறம் சரியாக ஏறாது. இரு முனையிலும் இருக்கும் கிழிகோட்டு ஓரங்களை அச்சிட்ட பிறகுதான் கிழிக்க வேண்டும். அச்சு நடக்கும்போது நான்கு தடவை தாள் தலைகாட்டும். முடிந்துவிட்டது என்று இழுத்துவிடாதீர்கள். பாதி நிறம் ஏறிய தாளை மறுபடி தட்டில் வைக்கவும் கூடாது.

தீர்ந்த கார்ட்ரிட்ஜை அப்படியே குப்பையில் போடலாமா? (ஜூரோங்)

முதலில் ரிப்பனை வெளியே இழுத்து விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீங்கள் அச்சிட்ட ஒவ்வொரு முகமும் மஞ்சளிலும் மெஜந்தாவிலும் சயானிலும் எதிர்மறைப் படமாக நிற்கும். அடையாள அட்டையை அச்சிட்டிருந்தால் அதன் எழுத்துகளையும் படித்துவிடலாம். கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக வெட்டிய பிறகே தூக்கி எறியுங்கள். அலுவலகத்தில் இந்த பிரிண்டரைப் பயன்படுத்துவோர் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

எச்பி ஸ்ப்ராக்கெட் கையடக்க பிரிண்டரில் இங்க் எங்கே போடுவது? (உட்லண்ட்ஸ்)

எங்கேயும் வேண்டாம். அது சிங்க் தாள். நிறப் படிகங்கள் தாளின் அடுக்குகளுக்குள் இருக்கின்றன, வெப்பம் பட்டால் நிறம் வெளிப்படும். புதுக் கட்டிலுள்ள நீலத் தாளைக் கோட்டுக்குறி (பார்கோடு) கீழே பார்க்கும்படி மற்றத் தாள்களுக்கு அடியில் வையுங்கள். நிறத்தைச் சரிசெய்வது அந்தத் தாள்தான், வேறு கட்டின் நீலத் தாளைப் போடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் தாளை விட்டுச் செல்ல வேண்டாம்.

நம் ஊர் ஈரப்பதத்தில் ரிப்பனையும் தாளையும் எப்படி வைப்பது? (பொங்கோல்)

உறையைப் பிரிக்காதவரை அலமாரியில் நிழலான இடம் போதும். பிரித்த பின் தாளையும் கார்ட்ரிட்ஜையும் மூடி இறுகும் டப்பாவில் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு போடுங்கள். கேமராவுக்கு டிரை கேபினட் (ஈரம் அண்டாத அலமாரி) இருந்தால் அதிலேயே வைக்கலாம். தாளைத் தட்டிலேயே வாரக்கணக்கில் விட்டால் வளைந்து சிக்கும். ஏர்கான் அறையிலிருந்து வெளியே கொண்டுபோனதும் உடனே அச்சிடாதீர்கள். குளிர்ந்த பிரிண்டரில் நீர் பூக்கும். பைக்குள் வைத்தபடியே அரை மணி நேரம் விட்டுப் பிறகு திறங்கள்.

கேனன் டிஆர்150 வைத்திருக்கிறேன். மூன்று மாதம் தொடவில்லை, இப்போது படத்தில் கோடு கோடாக வருகிறது. (அங் மோ கியோ)

இது உண்மையான இங்க்ஜெட். கறுப்புக்குப் பிஜிஐ-35, வண்ணத்துக்குச் சிஎல்ஐ-36. புது கார்ட்ரிட்ஜ் வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் நாசில் (மை வெளிவரும் நுண்துளை) சோதனைத் தாளை அச்சிடுங்கள். கோடு விடுபட்டிருந்தால் ஒரு தடவை சுத்தம் செய்து, மறுபடி சோதியுங்கள். இரண்டு தடவைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் ஓர் இரவு விட்டுவிட்டு முயலுங்கள். ஒவ்வொரு சுத்தமும் மையைக் குடிக்கும். இனி வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அச்சிடுங்கள். சுவர் சுவிட்சை அணைத்து நிறுத்தாமல் பிரிண்டரின் பொத்தானையே அழுத்துங்கள். அப்போதுதான் அச்சுத்தலை மூடிக்குள் போய் நிற்கும், மை காயாது.

இன்ஸ்டாக்ஸ் மினி லிங்க் பிரிண்டரைச் சென்னைக்கு எடுத்துப் போகிறேன். பிலிமை விமானத்தில் சரக்காகப் போடும் பெட்டியில் வைக்கலாமா? (தெம்பனிஸ்)

வேண்டாம். இன்ஸ்டாக்ஸ், ஒளிபட்டால் பதியும் ஐஎஸ்ஓ 800 (ஒளியுணர்வு அளவு) பிலிம். சரக்குப் பெட்டிகளுக்கான ஊடுகதிர் வலுவானது, பிலிம் மங்கிவிடும். கைப்பையில் வைத்து, சோதனைச் சாவடியில் கையால் பார்க்கும்படி கேளுங்கள். ரிப்பன் கார்ட்ரிட்ஜுக்கு இந்தக் கவலையே இல்லை.