எல்லாம் போனுக்குள் இருக்கிறது, தேடினால் ஒன்றையும் காணோம்

கேள்வி: நான் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பின்னேரங்களில் ரியூசன். பாடக் குறிப்புகள் கொஞ்சம் கொப்பியில், கொஞ்சம் வட்ஸ்அப்பில், மிச்சம் போட்டோவாக. யார் காசு தந்தது, யார் தரவில்லை என்பது இன்னொரு கொப்பியில். அம்மாவின் கிளினிக் திகதியை இந்த முறை தவறவிட்டுவிட்டேன். பழைய வினாத்தாள்கள் கணினியில் இருக்கின்றன, ஆனால் போனில் திறந்தால் ஒரு எழுத்தும் விளங்கவில்லை. கனடாவில் இருக்கும் அண்ணாவின் மகன், “நோஷனை வாங்கிப் போடுங்கோ மாமி, எல்லாம் தானாக நடக்கும்” என்கிறான். வாங்கவா?
– ஓர் ஆசிரியை, கோண்டாவில்

பதில்: ரீச்சர், இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். குறிப்புகளையும் அட்டவணைகளையும் ஒரே இடத்தில் வைக்க நோஷன் நல்ல செயலிதான். தனியாள் பாவிப்பதற்கு அது இலவசமாகவே கிடைக்கிறது என்பதை மருமகன் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஆனால் அதைத் திறந்தால் முதலில் வருவது வெறும் பக்கம். எதற்குள் எது, அட்டவணையா பட்டியலா என்று எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டும். வகுப்பு முடிந்து களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறவருக்கு அது இன்னொரு வேலை. இரண்டு கிழமை ஆர்வமாகச் செய்வீர்கள், பிறகு பழையபடி வட்ஸ்அப்தான்.

வட்ஸ்அப்பை விடச் சொல்லி நான் கேட்கப் போவதும் இல்லை. 2022 இன் கடைசியிலிருந்து அதில் உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பலாம். அந்த உரையாடல் எப்போதும் பட்டியலின் மேலேயே நிற்கும்படி குத்தி (pin) வையுங்கள். வழியில் தோன்றுவது, கரும்பலகைப் போட்டோ, யாரோ சொன்ன தொலைபேசி இலக்கம், எல்லாம் அதற்குள் விழட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணித்தியாலம் இருந்து, வேண்டியதைக் கூகுளின் குறிப்புச் செயலியான கீப்புக்கு மாற்றிவிட்டு மிச்சத்தை அழித்துவிடுங்கள். கீப் இலவசம், இணையம் இல்லாத நேரத்திலும் போனில் திறக்கும். தலைப்பை மட்டும் எப்போதும் ஒரே ஒழுங்கில் எழுதுங்கள்: “தரம் 11 – மின் – ஓமின் விதி – பயிற்சி” என்பதுபோல. கையெழுத்துப் போட்டோவுக்குள் இருப்பதைத் தேடல் கண்டுபிடிக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. தலைப்பில் இருந்தால் நிச்சயம் பிடிக்கும். தட்டச்சுச் செய்யப் பஞ்சியாக இருந்தால் சொல்லியே எழுதலாம். கூகுளின் குரல் தட்டச்சில் 2017 முதல் தமிழும் இருக்கிறது. நாங்கள் வீட்டில் கதைக்கிற வேகத்தில் கதைத்தால் தடுமாறும், சொல்வதெழுதுதல் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள்.

அம்மாவின் கிளினிக்கைத்தான் நான் முதலில் சரிசெய்யச் சொல்வேன். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை எழுதித் தந்ததும், ஆஸ்பத்திரி வாங்கிலில் இருந்தபடியே கூகுள் கலண்டரில் போட்டுவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் போடலாம் என்றால் நடக்காது. ஒரே நிகழ்வுக்குப் பல நினைவூட்டல்கள் வைக்கலாம். ஒரு கிழமைக்கு முன் ஒன்று: பாடசாலையில் லீவு சொல்ல, ஓட்டோவுக்குச் சொல்லிவைக்க. முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு ஒன்று: வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பதென்றால் இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடிக்க வேண்டுமே. கொப்பியின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து நிகழ்வோடு இணைத்துவிட்டால், மருந்தின் பெயரை யாராவது கேட்டாலும் கையில் இருக்கும். கலண்டரைத் தம்பி தங்கச்சியோடும் பகிர்ந்துகொள்ளலாம், ஏன் எல்லாம் உங்கள் தலையில்? இலங்கை விடுமுறை நாட்காட்டியையும் அதற்குள் சேர்த்தால் போயா நாட்கள் கண்ணில் படும், வகுப்பு மாற்றுவது சுலபம்.

இனிக் காசு. கூகுள் ஷீட்டில் ஒரு அட்டவணை போதும்: பிள்ளையின் பெயர், பெற்றோரின் இலக்கம், பிறகு மாதத்துக்கு ஒரு நிரல். காசு வராத கட்டம் தானாக நிறம் மாறும்படி அதில் செய்யலாம். புதிதாக வரும் பிள்ளைகளின் விபரத்துக்குக் கூகுள் படிவம் ஒன்றின் இணைப்பை அனுப்பினால் பெற்றோரே நிரப்புவார்கள், அது நேரே ஷீட்டில் வந்து விழும். இலக்கத்தைப் பிழையாக எழுதி யாரோ ஒருவருக்கு போன் எடுக்கும் தொல்லை குறையும்.

இந்த இடத்தில் மருமகன் அடுத்த யோசனை சொல்லுவார்: காசு தராதவர்களுக்குத் தானாகவே செய்தி போகும்படி செய்யலாமே என்று. செய்யலாம், அதற்கென்றே சேவைகள் இருக்கின்றன. நான் வேண்டாம் என்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளையின் தகப்பன் கடலுக்குப் போகிறவராக இருப்பார், காற்றுக் காலத்தில் தொழில் இருக்காது. இன்னொரு வீட்டில் செத்தவீடு நடந்திருக்கும். அது உங்களுக்குத் தெரியும், ஷீட்டுக்குத் தெரியாது. “கட்டணம் நிலுவையில் உள்ளது” என்ற ஒரு வரி அந்த நாளில் போய்ச் சேர்ந்தால் அடுத்த நாள் பிள்ளை வகுப்புக்கு வராது. ஆகவே மாதம் 10ஆம் திகதி நினைவூட்டல் உங்களுக்கு வரட்டும். யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தானாக நடப்பதில் நிறுத்த வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மின்னஞ்சல், போட்டோ, கோப்புகள், அன்ட்ரொய்ட் போனின் வட்ஸ்அப் காப்புப்பிரதி எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். காலை வணக்கப் பூக்களால் அது நிரம்பினால் உங்கள் பாடக் குறிப்புக்கு இடம் இருக்காது. போனுக்குப் பூட்டும், கூகுள் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பும் (கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு உறுதிப்படுத்தலும் கேட்பது) கட்டாயம் போடுங்கள். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பையில் கட்டித் தயாராக வைத்திருந்த ஊர் இது, இதற்கு மேல் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ரியூசன் நிலையத்துக் கணினியில் கணக்கைத் திறந்தால் வெளியேறிவிட்டே எழும்புங்கள்.

கடைசியாக அந்த வினாத்தாள்கள். அவை பாமினியில் அடித்தவை என்று நினைக்கிறேன். போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தால் நிச்சயம் அதுதான். பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவத்தைப் போட்டுக் காட்டும் எழுத்துரு. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது, மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்த இடமெல்லாம் அரைப்புள்ளி. அதனால்தான் தமிழில் தேடினாலும் அகப்படாது. பாமினியை, எல்லாப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, ஒட்டினால் நொடியில் மாற்றித் தரும். எல்லாவற்றையும் மாற்ற முனைய வேண்டாம், இந்தத் தவணைக்கு வேண்டிய தாளை மட்டும் மாற்றுங்கள். உங்கள் பாடத்துக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: தாளில் உண்மையாகவே ஆங்கிலத்தில் உள்ள இரசாயனக் குறியீடுகளையும் அலகுகளையும் சேர்த்து அந்தக் கருவி தமிழாக்கிவிடும், சோடியம் குளோரைட்டின் சூத்திரம் ஏதோ உளறலாக வந்து நிற்கும். அவற்றை மட்டும் கையால் திருத்துங்கள். மாற்றியதை வேறு பெயரில் சேமித்து, பழைய கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். திருத்தும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.