மடையைப் பார்த்தது யார்?

அன்புள்ள ஐயா,

பாளையங்கோட்டை நூலகக் கூட்டத்தில் ஈராக் போரைப் பற்றி நீங்கள் பேசியதைக் கேட்டேன். அந்தப் போர் தொடங்கியபோது எனக்கு இரண்டு வயது. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொல்லித்தான் படையெடுத்தார்கள், கடைசியில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்றீர்கள். அப்படியானால் யாராவது சிறைக்குப் போனார்களா? விசாரணைக் கமிஷன்களால் என்ன பயன்? உளவுத்துறை தவறாகச் சொன்னால் தலைவர்கள் என்ன செய்வார்கள் என்று என் நண்பன் கேட்கிறான். அரசியல் என்றாலே பொய்தானே, நாம் ஏன் மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது.

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் ஒரு போர்ச் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘அவர்கள் தாக்கத் தயாராக இருந்தார்கள்’ என்றார் ஒரு அமைச்சர். உடனே என் ஆச்சியின் குரல் காதில் கேட்டது. அவள் செத்து நாற்பது வருடம் ஆகிறது.

முதலில் சிறை. போருக்காகப் பொய் சொன்னார் என்று யாரும் தண்டிக்கப்படவில்லை. அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனியின் அலுவலகத் தலைவராக இருந்த லிபி என்பவர் 2007இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதுவும் ஒரு உளவு அதிகாரியின் பெயர் கசிந்தது பற்றிய விசாரணையில் பொய் சொன்னதற்குத்தான். அவருக்கு விதித்த சிறைத்தண்டனையையும் ஜனாதிபதி புஷ் ரத்து செய்துவிட்டார். கமிஷன்களால் பயன் உண்டு, நடந்தது எழுத்தில் நிற்கிறது. சரி, இது போதும்.

உங்கள் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். தமிழில் ‘வந்தான்’ என்றால் சொல்கிறவன் அதற்குப் பொறுப்பு. ‘வந்தானாம்’ என்றால் யாரோ சொல்லிக் கேட்டது. ஆச்சி இந்த ‘ஆம்’ விஷயத்தில் ரொம்பக் கறார். வெளியிலிருந்து எதையாவது கேட்டுவிட்டு வந்து சொன்னால், ‘ஏல, வந்தான்னு சொல்லுதியா, வந்தானாம்னு சொல்லுதியா?’ என்று கேட்காமல் விடமாட்டாள்.

2002 அக்டோபரில் அமெரிக்க உளவு அமைப்புகள் ஈராக்கைப் பற்றி ஒரு ரகசிய மதிப்பீடு எழுதின. அதில் பல இடங்களில் ‘என்று கருதுகிறோம்’ என்று இருந்தது. அணு ஆயுத விஷயத்தில் வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவு தன் மறுப்பையும் பதிவு செய்திருந்தது. அதே மாதம் மக்களுக்கு வெளியிட்ட பதிப்பில் அந்தக் ‘கருதுகிறோம்’ போய்விட்டது, மறுப்பும் போய்விட்டது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் நடமாடும் ஆயுதக்கூடங்களைப் படம் வரைந்தே காட்டினார். ஜெர்மனியில் தஞ்சம் கேட்டுப் போன ஒரு ஈராக்கியர் சொன்ன கதை அது. ஜெர்மன் உளவுத்துறையால் அதை உறுதி செய்ய முடியவில்லை. 2011இல் அவரே அது பொய் என்று ஒப்புக்கொண்டார். ஈராக் போரை விசாரித்த பிரிட்டனின் சில்காட் அறிக்கை 2016இல் சொன்னதும் இதைத்தான்: ஆபத்தைப் பற்றிய மதிப்பீடுகளை நியாயமில்லாத உறுதியோடு மக்கள் முன் வைத்தார்கள். ஆக, சந்தேகம் தாளில் இருந்தது தம்பி. யாரோ உட்கார்ந்து அதை எடுத்திருக்கிறார்கள். இதைத் தவறு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

வியட்நாமிலும் இதே கதைதான். 1964 ஆகஸ்ட் 4 இரவு டோன்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களை எதிரிப் படகுகள் தாக்கியதாகச் செய்தி போனது. அங்கே கப்பலில் இருந்த தளபதி ஹெரிக், சில மணி நேரத்திலேயே, வந்த தகவல்களில் பல சந்தேகமானவை, முழுதாக ஆராய்ந்த பிறகு நடவடிக்கை எடுங்கள் என்று தந்தி அடித்தார். யாரும் பொறுக்கவில்லை. 7ஆம் தேதி போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்தபோது இரு அவைகளிலும் சேர்த்து எதிர்த்தவர்கள் இரண்டே செனட்டர்கள்.

எங்கள் ஊர் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனம். எனக்குப் பத்து வயது. பிசான நெல் நடவு முடிந்து ஒரு வாரம் இருக்கும், வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. சாயங்காலம் டீக்கடையில், மேலூர்க்காரர்கள் மடையை ‘அடைச்சிருக்காங்களாம்’ என்று பேச்சு. இரவு கோயில் முன்னால் கூட்டம் கூடியபோது அது ‘அடைச்சிட்டாங்க’ என்று ஆகியிருந்தது. கம்பு, மண்வெட்டி, அரிவாளோடு கிளம்பினார்கள். அப்பாவும் கிளம்பினார். ஆச்சி நடையில் மறித்து நின்றாள்.

‘ஏல, மடையைப் பாத்தது யாரு?’

‘எல்லாரும் சொல்லுதாவம்மா.’

‘சொல்லுதது இருக்கட்டும். பாத்தது யாரு?’

அப்பா அவளை ஒதுக்கிவிட்டுப் போனார். அன்றைக்கு இருட்டில் மேலூர்ப் பையன் ஒருவனுக்கு வலது கையில் இரண்டு விரல் போனது. விடிந்து பார்த்தால் மடைக்குள் ஒரு பனந்தடி, வெள்ளத்தில் வந்து சிக்கிச் சேறு மூடிக் கிடக்கிறது. அதைவிட மோசம், கூட்டத்தில் ‘அடைச்சிட்டாங்க’ என்று முதலில் சத்தம் போட்டவர் அன்று மத்தியானமே அந்தத் தடியைப் பார்த்திருக்கிறார். மேலூரில் ஒரு குடும்பத்தோடு அவருக்குப் பழைய வரப்புத் தகராறு. இது எங்களுக்குத் தெரிய இரண்டு மாதம் ஆனது. ராஜி பேசி முடித்துவிட்டார்கள். அவர் கடைசிவரை ஊரில் மரியாதையோடுதான் இருந்தார்.

‘அரசியல் என்றாலே பொய்தானே’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி அப்படி எழுதாதீர்கள். இருபது சொச்சம் வயதில் இப்படி ஒரு அலுப்பா? கோபமாக வருகிறது எனக்கு. எல்லாமே பொய் என்று நீங்கள் எழுந்து போய்விட்டால், தடியைப் பார்த்துவிட்டு வாய் திறக்காதவனும் பார்க்காமலே கம்பு தூக்கின என் அப்பாவும் உங்களுக்கு ஒன்றாகிவிடுவார்கள். அவர்கள் ஒன்றில்லை. ஹெரிக் அடித்த தந்தியை நாம் இன்று படிக்க முடிகிறது, அதைப் படியுங்கள்.

2003இல் பவல் பேசியதை அப்பா என்னோடு உட்கார்ந்து டிவியில் பார்த்தார். ஆங்கிலம் தெரியாது அவருக்கு. என்ன சொல்கிறார் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘இவரு போய்ப் பாத்தாராமா?’ என்றார்.

அந்த மேலூர்ப் பையன் பிறகு சேரன்மகாதேவி கடைத்தெருவில் வெற்றிலைக் கடை வைத்தான். அப்பா சாகும்வரை அங்கேதான் வெற்றிலை வாங்கினார். அவன் இடது கையால் கட்டி நீட்டும்போது அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டே காசைக் கொடுப்பார்.