டேப்லெட் என்றால் மாத்திரை

கேள்வி: உலகமே டேப்லெட்டில் படிக்கிறது. நம் பள்ளிகளில் மட்டும் பையன் கையில் செல்போனைக் கண்டால் பிடுங்கி பீரோவில் பூட்டுகிறார்கள். மாணவருக்கு ஒரு டேப்லெட் கொடுத்துவிட்டால் அரசுப் பள்ளிகளின் தரம் தானாக உயர்ந்துவிடாதா? எதிர்ப்பவர்கள் பத்தாம்பசலிகள்தானே?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ‘தானாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

முதலில் உங்கள் ‘உலகமே’. பிரான்ஸ் 2018-லேயே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் செல்போன் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. பள்ளிக்குள் கணினியைக் கொண்டுபோவதில் முந்திக்கொண்டு ஓடிய சுவீடன், 2023-ல் அச்சுப் பாடநூல் வாங்க 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது. பத்தாம்பசலிப் பட்டியலில் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அவர்கள் பணக்காரர்கள். தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்கு வருவோம். அங்கே 8 லட்சத்துக்கும் மேற்பட்ட சின்ன லேப்டாப்களைப் பிள்ளைகளுக்கென்று வாங்கினார்கள். 319 கிராமப் பள்ளிகளை ஒப்பிட்ட ஆய்வு 2012-ல் வெளிவந்தது. லேப்டாப் போகாத பள்ளிகளில் எட்டுப் பிள்ளைக்கு ஒரு கணினி. போன பள்ளிகளில் தலைக்கு ஒன்றுக்கு மேல். ஆனால் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் இரண்டு பக்கமும் ஒரே நிலைதான். யோசிக்கும் திறனைப் பார்க்கும் சில சோதனைகளில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம். பெரும்பாலான பள்ளிகளில் இணையமே இல்லை, பாடம் நடத்தும் விதமும் மாறவில்லை. என்ன நோய் என்று நாடி பார்க்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்த கதை. (டேப்லெட்டுக்குத் தமிழில் அதுதானே பெயர்!)

அதே ரக லேப்டாப்பைத்தான் 2007 முதல் உருகுவேயும் கொடுத்தது. ஆனால் பள்ளிகளுக்கு இணையம் போட்டார்கள், கெட்டுப்போனதைப் பழுது பார்க்க ஏற்பாடு செய்தார்கள். எனக்குப் பிடித்தது அடுத்து வந்த வேலை. தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தரப் போதிய ஆசிரியர்கள் இல்லை. 2012-ல் வகுப்பறையில் ஒரு பெரிய திரையை மாட்டி, வேறு ஊரிலும் வேறு நாட்டிலும் இருக்கும் ஆங்கில ஆசிரியரை வாரம் ஒருமுறை அதில் வரவழைத்தார்கள். மற்ற வகுப்புகளை அந்தப் பள்ளியின் ஆசிரியரே, தானும் கூடவே ஆங்கிலம் கற்றுக்கொண்டு, நடத்துகிறார். இல்லாத ஆசிரியரைக் கொண்டுவந்து சேர்க்கிற கருவிக்கு நான் எதிரி இல்லை.

நம் ஊருக்கு வாருங்கள். 2018-ல் வந்த நம் புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு அச்சிட்டார்கள். செல்போனைக் காட்டினால் பாடம் வீடியோவாக ஓடும். நல்ல யோசனை, கேலி செய்யவில்லை. இதயம் எப்படித் துடிக்கிறது என்பதைக் கரும்பலகைப் படத்தைவிட வீடியோ நன்றாகவே காட்டும். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன். அது காலையில் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போய்விடும். ராத்திரி அவர் திரும்பும்போது சார்ஜ் இருக்காது, பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிடும். போன் கையில் கிடைத்தாலும் நடப்பதென்ன? கிராமப்புற இந்தியாவில் எடுத்த 2024 ‘ஏசர்’ (ASER) கல்வி நிலைக் கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் முந்தைய வாரம் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்கு, 76.

அப்புறம் இன்னொன்று. வகுப்பறையில் செல்போன் இல்லை என்று யார் சொன்னது? ஆசிரியர் கையில் இருக்கிறதே! வருகைப்பதிவு ஆப்பில். நலத்திட்ட விவரம் ஆப்பில். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், இவரும் பார்த்துக்கொண்டே இருப்பார். கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது பாடவேளையில் பத்து நிமிடம் போயிருக்கும். எந்த ஆசிரியரிடம் வேண்டுமானாலும் பேசிப் பாருங்கள், முதலில் இந்தப் புலம்பல்தான் வரும். பிள்ளைக்கு ஒரு டேப்லெட் தருவதற்கு முன்னால் பள்ளிக்கு ஒரு பதிவு எழுத்தரைத் தாருங்கள் என்பேன். திறப்பு விழா, ரிப்பன் எதுவும் தேவைப்படாது என்பதுதான் அதில் உள்ள ஒரே குறை.

நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு ஒரு நடை போய், அங்கே ஸ்மார்ட் போர்டு இருந்தால் அது எரிகிறதா, துணி போர்த்தி நிற்கிறதா, அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.