சிவனொளிபாதமலைக்கு ஹட்டன் வழி இருக்க, இரத்தினபுரி வழியாக நடப்பது வீண் சிரமம்தானே?

நீங்கள் கொழும்பில் வேலை செய்பவர், ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறைக்குள் மலையேறித் திரும்பிவிடக் கணக்குப் போடுகிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். கேள்வியில் இருந்த ‘வீண்’ என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது.

இந்தக் கேள்வி புதிதன்று. 1344ஆம் ஆண்டு மொரோக்கோப் பயணி இப்னு பதூதா வந்தபோதே மலைக்கு இரண்டு பாதைகள் இருந்தன. கடினமான பாதை ஆதமின் பெயராலும் இலகுவானது ஏவாளின் பெயராலும் வழங்கியதாகவும், இலகுவான வழியில் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே அங்குள்ளோர் கொள்வதில்லை, அது இறங்குவதற்கு உரியது என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் துணைகூட்டி அவரை அனுப்பியவர் நம்முடைய யாழ்ப்பாண அரசர் ஆரியச்சக்கரவர்த்தி என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. அரசர் பல்லக்கும் கொடுத்திருந்தார் என்பதை மட்டும் அடக்கி வாசிக்கிறேன்.

நான் முதன்முதலில் ஏறியது பதினாறு வயதில், புறக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த பெரியப்பாவோடு. இரத்தினபுரிக்கு ஒரு பஸ், பலாபத்தலைக்கு இன்னொரு பஸ், பிறகு இரவு முழுவதும் நடை. ஹட்டன் வழியில் மலையடிவாரமான நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ 5,500 படிகளில் உச்சியை எட்டிவிடலாம். இந்தப் பக்கமோ தூரம் மிகக் கூட, பெரும்பகுதி காடு. புறப்படுமுன் பெரியப்பா என்னை ஒரு கல்லில் இருத்தி, நனைத்த சவர்க்காரக் கட்டியைக் கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தேய்த்து, அது காய்ந்து வெள்ளையாகப் படியும்வரை எழும்ப விடவில்லை. அட்டைக்கு அதுதான் மருந்து என்றார். அட்டைகள் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு சிங்களக் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டோம். வெறுங்காலோடு ஒரு ஆச்சி, இருபுறமும் பேரன்மார். ஒருவர் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் ஏற்றுப் பாடினார்கள். எதிரே இறங்கி வந்தவர்கள் ‘கருணாவை’ என்று வாழ்த்தினார்கள். பெரியப்பாவுக்குத் தெரிந்தது கடைச் சிங்களம், விலை சொல்லவும் கடனைக் கேட்கவும் போதுமானது. அதை வைத்துக்கொண்டு அவர் ஆச்சியோடு முழங்கால் வலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஆச்சி கித்துள் கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்து என் உள்ளங்கையில் வைத்து, பிளாஸ்கிலிருந்து சீனியில்லாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். கொழும்பில் பஸ்ஸுக்குள் தமிழில் பேச நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்ட காலம் அது. அந்தக் காட்டில் பெரியப்பா வாய்விட்டு ‘சிவ சிவா’ என்றார், ஆச்சியின் பேரன் அதைத் திருப்பிச் சொன்னான். மூச்சு வாங்கி மூச்சு வாங்கி, பிறருடைய நடைக்கு நம் நடையைத் தளர்த்திப் போகும் நீண்ட வழியில்தான் இதற்கு நேரம் கிடைக்கும்.

ஹட்டன் வழியில் போகிறவர்களை நான் குறைத்துப் பேசுவதாகச் சண்டைக்கு வர வேண்டாம். கைக்குழந்தையோடும் எண்பது வயதிலும் அப்படிகளில் ஏறுபவர்களைக் கண்டிருக்கிறேன். நானும் பின்னர் நான்கு முறை அவ்வழியில்தான் போனேன், விடுமுறை கிடைக்காத குறையால். முன்பு வேலை செய்த இடத்தில் இரண்டு நாள் கேட்டதற்கு மேலாளர், “ஒரு நாளில் சாமி தரிசனம் தரமாட்டாரா?” என்றார்; அதே ஏப்ரலில் அவர் நுவரெலியாவில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தார்.

டிசம்பர் போயாவிலிருந்து வெசாக்வரை பருவம். முடிந்தால் இரத்தினபுரிப் பக்கம் ஏறி நல்லதண்ணிப் பக்கம் இறங்குங்கள். நடுங்கும் கால்களுக்குச் வழியிலுள்ள சீத கங்குல ஓடையின் தண்ணீர் போல் ஒன்று இல்லை.

உச்சியில் ஒரு மணி தொங்குகிறது. எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். அன்று பெரியப்பா ஒன்பது அடித்தார், நான் ஒன்று. ஹட்டன் வழியில் போன நான்கு தடவையும், எனக்கு மட்டும் வைத்துக்கொண்ட கணக்கின்படி, அந்த ஒன்றையே அடித்தேன். இந்த வருடம் மகளோடு பலாபத்தலையிலிருந்து ஏறி, இரண்டு அடித்துவிட்டுக் கயிற்றை அவளிடம் கொடுத்தேன். “அப்பா, இது ஆறாவது தடவையல்லவா?” என்று கேட்டாள். பின்னால் வரிசை நீண்டிருந்ததால், அவளை அடிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன்.