பூப்போட்ட தீவனச் சாக்கு: ஆலைக்காரர்களின் இரக்கமா, பெண்களின் கைவேலையா?

கேள்வி இதுதான்: "1939இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், ஏழைத் தாய்மார்கள் மாவுச் சாக்கைக் கிழித்துப் பிள்ளைகளுக்கு உடை தைப்பதை ஆலைக்காரர்கள் கண்டார்களாம். மனம் இரங்கி, சாக்கையே பூப்போட்ட துணியில் செய்து கொடுத்தார்களாம். வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?"

நான் அதே கான்சஸில் பதினொரு வருடமாக இருக்கிறேன். இந்தச் செய்தி எனக்கும் நாலைந்து தடவை வந்துவிட்டது, கடைசியாக அனுப்பியது என் சொந்தச் சித்தி. ஒவ்வொரு தடவையும் பதில் எழுத நினைத்து விட்டுவிடுவேன். இந்த முறை விட மனசில்லை.

பூப்போட்ட சாக்கு உண்மை. அதில் லட்சக்கணக்கான பெண்கள் தைத்து உடுத்தியதும் உண்மை. ஆண்டு தப்பு. இரக்கம் என்பது அதைவிடப் பெரிய தப்பு.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் மாவு மரப் பீப்பாயில்தான் போனது. ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு. எலியாஸ் ஹோவ் 1846இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கி, இயந்திரத் தையல் பரவிய பிறகுதான் அந்தக் கனத்தைத் தாங்கும் துணிச் சாக்கைத் தைக்க முடிந்தது. பீப்பாய் போனாலும் பீப்பாய்க் கணக்கு போகவில்லை. சாக்குகள் 98, 49, 24½ பவுண்டு என்று வந்தன, அதாவது பீப்பாயில் பாதி, கால், அரைக்கால். அப்போதிருந்தே பெண்கள் அந்த வெள்ளைத் துணியை வீணாக்கவில்லை. தலையணை உறை, உள்ளாடை, குழந்தைத் துணி, பிடித்துணி, குவில்ட்டின் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வையின்) அடிப்பக்கம் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். மேலே அச்சடித்த ஆலைப் பெயரைப் போக்குவதுதான் பெரும்பாடு. கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி ஊறவைத்து, சோப்புப் போட்டு வேகவைத்து, அப்புறமும் எழுத்து மங்கலாகத் தெரியும்.

பூ எப்போது வந்தது? 1924இல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த ஏசா பேல்ஸ் என்பவர், உடைக்கு ஏற்ற துணியிலேயே சாக்குத் தைக்கும் யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். உள்ளே இருப்பது தீர்ந்த பிறகு சாக்கு உடையாக வேண்டும் என்பதுதான் அந்த யோசனையே. அந்த உரிமை செயின்ட் லூயிஸ் நகரின் ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு ஆலைக்குப் போனது. அவர்கள் கட்டம் போட்ட கிங்காம் துணிச் சாக்கில் 'கிங்காம் கேர்ள்' என்ற பெயரில் மாவு விற்றார்கள். 1939க்குப் பதினைந்து வருடம் முந்திய கதை இது. அதில் இரக்கம் எங்கே இருக்கிறது? காப்புரிமை இருக்கிறது, விற்பனை இருக்கிறது. வியாபாரம் தப்பு என்று நான் சொல்லவில்லை. வியாபாரத்தைத் தர்மம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வியாபாரம் ஏன் ஓடியது என்று பாருங்கள். பண்ணை வீட்டில் கோழியும் முட்டையும் பெரும்பாலும் பெண்ணின் பொறுப்பு, முட்டைக் காசும் அவள் கையில். கோழித் தீவனமும் துணிச் சாக்கில்தான் வந்தது. எந்தக் கம்பெனித் தீவனம் வாங்குவது என்பதில் சாக்கின் பூவைப் பார்த்து அவள் வாய் திறந்ததும், சாக்குக் கம்பெனிகள் போட்டி போட ஆரம்பித்தன. பெமிஸ், பெர்சி கென்ட், சேஸ் போன்ற கம்பெனிகள் விதவிதமான அச்சுகளை இறக்கின. பெயரைத் துணியில் அச்சடிப்பதை விட்டு, நனைத்தால் கழன்று வரும் தாளில் ஒட்டினார்கள். எந்தச் சாக்கை எப்படித் தைக்கலாம் என்று சாக்குத் தயாரிப்பாளர் சங்கமும் தேசியப் பருத்திக் கழகமும் கையேடு போட்டு விநியோகித்தன. அவள் கேட்டாள், அவர்கள் கொடுத்தார்கள். அந்தச் செய்தியில் இது தலைகீழாக இருக்கிறது.

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சொல்கிறேன்.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், புரோட்டாக் கடையில் காலியான மைதாச் சாக்கை ஆச்சி வாங்கி வருவாள். வெள்ளைப் பருத்தித் துணி. சலவை சோடாவில் ஊறப்போட்டு, துவைத்து, எனக்கும் என் அக்காவுக்கும் உள்பாவாடை தைப்பாள். நாலாம் வகுப்பில் ஒருநாள் கிணற்றடியில் பாவாடையைத் தூக்கிச் செருகியபோது, உள்பாவாடையில் மங்கலாக இருந்த '90 கிலோ' என்ற எழுத்தை ஒருத்தி படித்துவிட்டாள். அந்த வருடம் முழுக்க என் பெயர் 'தொண்ணூறு கிலோ'. ஆச்சியிடம் அழுதேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாவாடையில் எழுத்து வரும் பகுதியை மடிப்புக்குள் போகிறமாதிரி வெட்டித் தைத்தாள். அது எவ்வளவு கணக்குத் தெரிந்த வேலை என்று நான் தையல் கற்றுக்கொண்ட பிறகுதான் புரிந்தது. யாராவது "பாவம், சாக்கில் உடுத்தினார்கள்" என்று எழுதினால் எனக்கு அந்த மடிப்புதான் நினைவுக்கு வருகிறது. பாவம் என்று சொல்லி அந்தக் கையைக் காணாமல் ஆக்கிவிடுகிறார்கள்.

இங்கே வந்த பிறகு பக்கத்து வீட்டில் ஒரு அம்மா, இப்போது 86 வயது. மாநிலத்தின் தெற்கே ஒரு பண்ணையில் வளர்ந்தவர். நான் குவில்ட் தைக்கிறேன் என்று தெரிந்ததும் கூப்பிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பெரிய நூல் உருண்டை, எல்லாம் சாக்கிலிருந்து உருவிய நூல். அதையும் அவருடைய அம்மா வீணாக்கவில்லையாம், அதை வைத்துத்தான் குரோஷா பின்னுவாராம்.

அவர் சொன்ன கணக்கு இது. 100 பவுண்டுத் தீவனச் சாக்கைப் பிரித்தால் ஏறக்குறைய 36க்கு 44 அங்குலம், ஒரு கெஜத்துக்குக் கொஞ்சம் கூட. பெரியவர்களுக்கு ஒரு கவுன் தைக்க ஒரே பூவில் மூன்று சாக்கு வேண்டும். அதனால் அப்பா தீவனம் வாங்கப் போகும்போது அம்மா மாதிரித் துணி ஒரு துண்டைச் சட்டைப் பையில் வைத்து அனுப்புவார். அந்தப் பூ அடுக்கின் அடியில் இருந்தால் மேலே உள்ள சாக்கையெல்லாம் இறக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அக்கம்பக்கத்தில் கொடுத்து மாற்றிக்கொள்வார்கள். உலகப் போர்ச் சமயத்தில் 1942இல் அரசாங்கம் உடைத் துணிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, கடையில் துணி குறைந்தாலும் சாக்கு வந்துகொண்டேதான் இருந்தது. வசதியானவர்களும் அதை உடுத்தினார்கள். அந்தக் காலத்தில் முப்பது லட்சம் பெண்களும் குழந்தைகளும் அச்சுச் சாக்கு உடுத்தினார்கள் என்று ஒரு மதிப்பீடு பரவலாகச் சொல்லப்படுகிறது.

அப்புறம் அவர் டப்பாவின் அடியிலிருந்து ஒரு முழுச் சாக்கை எடுத்தார். மஞ்சள் பின்னணியில் சின்னச் சின்ன நீல வாத்து. பக்கத் தையல்கூடப் பிரிக்கவில்லை. அவருக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா கொண்டுவந்தது, அந்த அச்சில் ஒன்றுதான் கிடைத்ததாம். மற்ற இரண்டும் வரும் என்று எடுத்து வைத்தார்கள், வரவேயில்லை. எழுபது வருடத்துக்கு மேல் அது அப்படியே இருந்திருக்கிறது. அதை என் கையில் கொடுத்து, "இதை ஏதாவது செய்" என்றார்.

நான் வெட்டினேன். இதைச் சொன்னால் சேகரிப்பாளர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும், ஒரு இணையக் குழுவில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிரிக்காத சாக்கு அபூர்வம், கண்ணாடிக்குள் இருக்க வேண்டியது, உனக்கு மதிப்பு தெரியவில்லை என்றெல்லாம் எழுதினார்கள். அருங்காட்சியகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதே கான்சஸின் கால்டுவெல் ஊர்ப் பெண் ஒருவர், 1959இல் பருத்திச் சாக்குத் தையல் போட்டிக்காகத் தைத்த கவுன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கேயும் வைத்திருப்பது தைத்த கவுனைத்தானே? எனக்குக் கொடுத்தவர் "வைத்துக்கொள்" என்று சொல்லவில்லை, "செய்" என்றார். நான் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன்.

பிரிக்கும்போது நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். சாக்குத் தையல் சங்கிலித் தையல். தைத்து முடித்த முனையில் முடிச்சை அவிழ்த்து இழுத்தால் மொத்த நூலும் ஒரே இழுப்பில் சரசரவென்று வந்துவிடும். ஆரம்பித்த முனையில் இழுத்தால் இறுகிப்போகும். நான் முதலில் இழுத்தது தப்பான முனை. அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் எனக்கே ஆச்சியின் விரல் நினைவு வந்துவிட்டது. மைதாச் சாக்கை மடியில் போட்டு, இரண்டு முனையையும் தடவிப் பார்த்து, "இந்தப் பக்கம்டி" என்று காட்டுவாள். மறுமுனைக்குப் போய் இழுத்தேன், வந்தது. சாத்தூர் எங்கே, கான்சஸ் எங்கே. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பெண்களுக்கு ஒரே முனை தெரிந்திருக்கிறது. அந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு என் ஆச்சியின் பெயர் வேண்டும் என்றார். வாயில் நுழையாவிட்டாலும் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார்.

கேள்வி கேட்டவர் ஒருவேளை பழைய 'தீவனச் சாக்கு குவில்ட்' வாங்கும் யோசனையில் இருக்கலாம், கேள்வியின் தொனி அப்படித்தான் எனக்குப் பட்டது. அப்படியென்றால் ஒன்று. 1930களில் தைத்த டிரெஸ்டன் பிளேட், கிராண்ட்மதர்ஸ் ஃபிளவர் கார்டன் என்ற வடிவ குவில்ட்களில் வெளிறிய பூத்துணி இருந்தாலே சாக்கு என்று விற்கிறார்கள். அதே மாதிரி அச்சுகள் அப்போது கடையில் கெஜக் கணக்கிலும் விற்றன. நெசவு கொஞ்சம் முரடாக இருப்பதும் ஆதாரமில்லை, மெல்லிய சாக்கும் உண்டு. துண்டின் ஓரத்தில், சாக்குத் தையலைப் பிரித்த இடத்தில், வரிசையாகப் பெரிய ஊசித் துளை இருந்தால்தான் உறுதி. நான் முதலில் வாங்கிய குவில்ட்டில் ஒரு துளைகூட இல்லை. விற்றவர் சாக்கு என்றே சத்தியம் செய்தார், கொடுத்த பணம் போனது போனதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வாட்ஸ்அப் படங்களில் வெள்ளைக்காரக் குழந்தைகள் மட்டும் பூ கவுனில் வரிசையாக நிற்கிறார்கள். அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில், பஞ்சுக் காட்டில் குத்தகைக்கு உழைத்த கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலைச் சட்டையோடு மாவு, உரச் சாக்குகளையும் சேர்த்து குவில்ட் தைத்தார்கள். 2002இல் அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஓவியம்போலச் சுவரில் தொங்கின. அந்தச் சாக்கின் பஞ்சை எடுத்தவர்களும் அவர்களைப் போன்றவர்கள்தான். இந்தக் கதையை அவர்களை விட்டுவிட்டு யாரும் சொல்லக்கூடாது.

எங்கள் பள்ளியில் தையல் பீரியட் வாரத்துக்கு இரண்டு இருந்தது, அட்டவணையில் மட்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒன்று கணக்குக்குப் போனது, பத்தாம் வகுப்பில் இரண்டும் போயின. தையல் டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ஆளே போடவில்லை. அலமாரியில் நான்கு இயந்திரம் துருப்பிடித்தன. கேட்டதற்கு, "தையல் கற்று என்ன பண்ணப்போறீங்க, மார்க் வாங்குங்க" என்றார்கள். வாங்கினேன். ஆனால் ஆச்சி இருந்த காலத்தில் அவளிடம் உட்கார்ந்து கற்றிருக்க வேண்டியதை, முப்பத்தைந்து வயதில் அந்நிய நாட்டில் யூடியூப் பார்த்துக் கற்றேன். அந்த இரண்டு பீரியடுக்கு இன்றும் என் மனம் ஆறவில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். கைவேலையை மதிக்காத இடத்தில்தான் ஆலைக்காரரின் இரக்கம் என்ற கதை இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்கிறது.

1950களில் தாள் பை மலிவாக வந்ததும் துணிச் சாக்கின் காலம் முடியத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் பூப்போட்ட சாக்கு ஏறக்குறைய இல்லாமலே போனது.

அந்த மஞ்சள் வாத்துத் துணியில் குவில்ட் முடிந்துவிட்டது. நடுவில் வாத்து, சுற்றிலும் ஆச்சியின் சுங்குடிச் சேலையில் நல்லதாக இருந்த பகுதி. ஓரத்து ஊசித் துளைகளை மடிப்புக்குள் மறைக்காமல், வெளியே தெரிகிறமாதிரியே தைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துளை வரிசையை விரலால் தடவிக்கொண்டே போய், ஒரு மூலையில் நிறுத்தினார். "இந்தப் பக்கம்தானே இழுத்தோம்?" என்றார். ஆமாம், அந்தப் பக்கம்தான்.